ஒரு குரோஸ் தீப்பெட்டி

இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. டிசர்டேஷன்ங்கிற பேய் பிடிச்சு ஆட்டிக்கிட்டு இருக்கு. நடுவுல ஒரு சின்ன விஷயம் மண்டைக்குள்ள புகுந்துக்கிட்டு வெளிய போகமாட்டேங்குது. எழுதித் தொலைச்சிட்டா பேய்கிட்டத் திரும்பிப் போயிடலாம்னு ஒரு நப்பாசை. பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

நான் ஈஸ்ட் ஹாம்ல ஒரு யாழ்ப்பாணத்து அக்கா வீட்டு மாடி ரூம்ல வாடகைக்கு இருக்கேன்னு ஏற்கனவே சொல்லியிருக்கேன். அந்த அக்காவோட மகளுக்கு நாலு வயசு. பள்ளிக்கூடத்துக்கு ஒரு வாரம் லீவு விட்டிருந்த நேரம், அக்காவுக்கு வேலை. "தம்பி, பிள்ளையை ஒருக்கா லைப்ரரிக்குக் கூட்டிக்கொண்டு போட்டு வாறீங்களோ? அங்க ஏதோ கைவேலை செய்யினமாம்"னு கேட்டாங்க. வாடகை ரெண்டு நாள் லேட்டானாலும் முகம் சுளிக்காத அக்கா. எப்படி மாட்டேன்னு சொல்றது? போனோம்.

அங்க பத்துப் பதினைஞ்சு வாண்டுகள். சீரியல் டப்பாவை வெட்டின அட்டை, பசை, கலர் பேப்பர். குட்டி குட்டியா இழுப்பறை செஞ்சு, ஒன்னு மேல ஒன்னு ஒட்டி பொம்மைக்கு பீரோ பண்ணணும். அட்டையில கோடு போட்டே கொடுத்திருந்தாங்க. நான் கோட்டைப் பார்க்கவே இல்லை. கை பாட்டுக்கு மடிச்சுது. நாலு மடிப்பு, ஓரத்துல ஒரு விரல் பசை, ஒரு அமுக்கு, பெட்டி ரெடி. பக்கத்துல இருந்த ஒரு வெள்ளைக்காரப் பாட்டி "எங்கே கத்துக்கிட்டே?"ன்னு ஆச்சரியமா கேட்டாங்க. அப்போதான் எனக்கே உறைச்சுது. யாரும் சொல்லிக் கொடுக்கலை. எங்க அம்மா எதை மடிச்சாலும் அப்படித்தான் மடிப்பாங்க. பார்த்துப் பார்த்து வந்தது.

பெருமையா ஒரு போட்டோ எடுத்து அம்மாவுக்கு வாட்ஸப்புல அனுப்பினேன். குட்டி கையில பசையும் பெட்டியுமா சிரிச்சிக்கிட்டு இருக்கா. நீல டிக் வந்துச்சு, பதில் வரலை. ராத்திரி போன் பண்ணினா அம்மா கேட்ட முதல் கேள்வி: "ஏய்யா, அந்தச் சின்னப் பிள்ளைய எதுக்குய்யா பெட்டி ஒட்ட விட்ட?"

கொசுவத்தியைக் கொஞ்சம் சுத்திக்கிறேன். எங்களுக்குச் சாத்தூர் பக்கம் ஒரு கிராமம். அம்மா அஞ்சாவதோட பள்ளிக்கூடத்தை விட்டவங்க. 1980-கள்ல எங்க ஊர்ப் பக்கத்துப் பொம்பளைப் பிள்ளைங்களுக்கு ரெண்டே வழிதான். ஒன்னு, விடிகாலைல வேன் ஏறி தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய் கட்டை அடுக்கறது (எங்க ஊர்ல தொழிற்சாலையை ஆபீஸுன்னுதான் சொல்வாங்க). இல்லேன்னா வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து பெட்டி ஒட்டறது. அம்மா பெட்டி ஒட்டினாங்க. 144 பெட்டி ஒரு குரோஸ். கூலி குரோஸ் கணக்குல. எத்தனை பைசான்னு இப்போ அம்மாவுக்கே மறந்துபோச்சு. ஆனா பன்னிரண்டு பன்னிரண்டு நூத்தி நாப்பத்தி நாலுன்னு வாய்ப்பாட்டுல அந்த ஒரு வரி மட்டும் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வாங்க.

அம்மா கேட்ட கேள்விக்கு எனக்கு அன்னைக்குப் பதில் தெரியலை. வழக்கம்போல புத்தகத்துக்குள்ள தலையை விட்டேன். தேடத் தேட ஒரு விஷயம் புரிஞ்சுது. அம்மா செஞ்ச அதே வேலை, அதே குரோஸ் கணக்குல, நான் இப்போ உட்கார்ந்திருக்கிற இந்தக் கிழக்கு லண்டன்ல நூறு வருஷம் முன்னாடியே நடந்திருக்கு.

ஈஸ்ட் ஹாம்ல டிஸ்ட்ரிக்ட் லைன் ஏறினா அஞ்சாவது ஸ்டேஷன் போ ரோடு. (ஆமாங்க, ஊர் பேரே 'போ'தான். நம்ம ஊர் ஆட்டோக்காரர்கிட்ட சொன்னா கோவிச்சுக்குவார்.) அங்கே பிரையண்ட் அண்ட் மே கம்பெனியோட பெரிய தீப்பெட்டி ஆலை இருந்துச்சு. 1979-ல மூடிட்டாங்க. செங்கல் கட்டடம் அப்படியே நிக்குது, உள்ளே இப்போ காஸ்ட்லி அபார்ட்மெண்ட். ஆலையில குச்சி தயாராகும். பெட்டி? அது பெத்னல் க்ரீன், ஷோர்டிச் பக்கத்து ஒத்தை ரூம் வீடுகள்ல தயாராச்சு. மெல்லிய மரச்சீவலை மடிச்சு, காகிதம் ஒட்டி, உரசற பட்டை ஒட்டி, காய வைக்கணும். அம்மாவும் பிள்ளைகளும் ஒரே மேஜையைச் சுத்தி உட்கார்ந்து செய்வாங்க. நாலஞ்சு வயசுப் பிள்ளைகளுக்கும் அதுல வேலை இருந்துச்சு.

கூலி ஒரு குரோஸுக்கு 2¼ பென்னி. 1890-ஐ ஒட்டின எழுத்துகள்ல திரும்பத் திரும்ப வர்ற கணக்கு இது. அந்தக் காலத்துல 12 பென்னி ஒரு ஷில்லிங். போட்டுப் பாருங்க, ஒரு ஷில்லிங் பார்க்க 768 பெட்டி ஒட்டணும். பசையும் கட்டற நூலும் அவங்க கைக்காசுல. ஒட்டின பெட்டி காயறதுக்குத் தரையெல்லாம் பரப்பி வச்சிருப்பாங்க, அதுக்கு நடுவுலதான் படுக்கை.

யோசிச்சுப் பாருங்க. ஒரு மேஜை, அம்மா, பிள்ளைங்க, அட்டை, பசை. லைப்ரரியில நான் எடுத்த போட்டோவும் கிட்டத்தட்ட இதேதானே?

இப்போ இதே நகரத்தோட வடமேற்குப் பக்கம் போவோம். அதே காலகட்டத்துல, ஹாம்ஸ்டெட்னு வசதியானவங்க இருக்கிற மேட்டுல, வேற பிள்ளைங்க அட்டை மடிச்சிக்கிட்டு இருந்தாங்க. இது வேற கதை.

ஜெர்மனியில ஃபிரெட்ரிக் ஃப்ரோபெல்னு ஒரு ஆசிரியர். 1837-ல சின்னப் பிள்ளைகளுக்குன்னே ஒரு பள்ளி ஆரம்பிச்சு, 1840-ல அதுக்கு கிண்டர்கார்டன்னு பேர் வச்சவர். குழந்தை கையால செஞ்சு பார்த்துத்தான் உலகத்தைப் புரிஞ்சுக்கும்னு சொல்லி, காகிதம் மடிக்கிறது, காகிதப் பட்டை பின்னறது, ஊசியால குத்திப் படம் போடறது, களிமண் பிசையறதுன்னு ஒரு வரிசையே போட்டுக் கொடுத்தார். 1851-ல பிரஷ்ய அரசு கிண்டர்கார்டனைத் தடை பண்ணிடுச்சு. ஜெர்மனியை விட்டு ஓடி வந்திருந்த யோஹன்னஸ் ரோங்கே, பெர்த்தா ரோங்கே தம்பதி அதே வருஷம் ஹாம்ஸ்டெட்ல ஒரு கிண்டர்கார்டன் தொடங்கினாங்க. 1855-ல இவங்க ஆங்கிலத்துல ஒரு கையேடும் போட்டாங்க. சார்லஸ் டிக்கன்ஸ் நடத்தின பத்திரிகையிலயும் அதே வருஷம் இதைப் பத்தி ஒரு கட்டுரை வந்துச்சு. இன்னைக்கு 'குழந்தைகளோட வீட்டுல செய்ய பத்து கைவேலைகள்'னு பார்க்கிறோமே, அந்தக் குடும்பத்துக்கு இவர்தான் கொள்ளுத்தாத்தா.

ஆக லண்டன் ஒன்னு, மடிக்கிற அட்டை ஒன்னு. ஒரு மூலையில அது வயித்துப்பாடு, இன்னொரு மூலையில அது கல்வி.

இந்த ரெண்டும் ஒரு இடத்துல மோதிக்கிச்சு. 1870-ல ஆரம்பக் கல்விச் சட்டம் வந்து, 1880-ல பள்ளிக்கூடம் கட்டாயம்னு ஆச்சு. பெட்டி ஒட்டிக்கிட்டு இருந்த பிள்ளைங்களை இழுத்துக்கிட்டு வந்து வகுப்புல உட்கார வச்சாங்க. லண்டன் பள்ளி வாரியம் அதுக்குள்ள கிண்டர்கார்டன் முறையை எடுத்துக்கிட்டு ஆசிரியைகளுக்குப் பயிற்சியும் கொடுக்க ஆரம்பிச்சிருந்துச்சு. அதனால என்னாச்சுன்னா, காலையில வீட்டுல அட்டை மடிச்ச பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வந்து காகிதம் மடிச்சுது. அதுவும் பெருங்கூட்டமான வகுப்புல, டீச்சர் "ஒன்னு"ன்னா ஒரு மடிப்பு, "ரெண்டு"ன்னா இன்னொரு மடிப்பு. ஃப்ரோபெல் பார்த்திருந்தா தலையில அடிச்சிக்கிட்டிருப்பார். விளையாட்டுன்னு பேர் வச்சுட்டா மட்டும் அது விளையாட்டு ஆயிடாது.

சரி, நம்ம ஊருக்கு இதுல என்ன சம்பந்தம்னு கேக்கறீங்களா? ரெண்டு நூல் இருக்கு. ரெண்டும் 1893-ல வந்து முடிச்சுப் போடுது.

முதல் நூல் நிஜமாவே ஒரு புத்தகம். மெட்ராஸ் மாகாணத்துல வருவாய்த் துறையில வேலை பார்த்த டி. சுந்தர ராவ், கும்பகோணம் காலேஜ்ல படிச்சவர். கிண்டர்கார்டன் குழந்தைகளுக்குன்னு வந்த கலர் காகிதச் சதுரங்களைப் பார்த்திருக்கார். நாமளா இருந்தா கப்பல் செஞ்சிருப்போம். மனுஷன் அதை மடிச்சு மடிச்சே சதுரம், முக்கோணம், ஐங்கோணம், வளைகோடுகள் வரைக்கும் வடிவகணிதத்தைக் கட்டிட்டார்! அதுதான் 1893-ல மெட்ராஸ்ல அடிசன் கம்பெனி வெளியிட்ட 'ஜியோமெட்ரிக் எக்ஸர்சைசஸ் இன் பேப்பர் ஃபோல்டிங்'. ஃபெலிக்ஸ் க்ளைன்னு பெரிய ஜெர்மன் கணித மேதை அதைக் குறிப்பிட, 1901-ல சிகாகோவுல மறுபதிப்பு வந்துச்சு. ஜெர்மனியில குழந்தைகளுக்குப் போட்ட மடிப்பை மெட்ராஸ்காரர் ஒருத்தர் கணக்காக்கி ஜெர்மனிக்கே திருப்பி அனுப்பிட்டார்.

ரெண்டாவது நூல் அன்னி பெசண்ட். அடையாறு ஆலமரமும் ஹோம் ரூலும் நமக்குத் தெரியும். அதுக்கு முன்னாடி அவங்க லண்டன்ல தீப்பெட்டிக்காரிகளுக்காகப் பேனா பிடிச்சவங்க. 1888 ஜூன் 23-ஆம் தேதி 'தி லிங்க்' பத்திரிகையில பிரையண்ட் அண்ட் மே ஆலையில நடக்கிறதை 'லண்டனில் வெள்ளை அடிமைத்தனம்'னு தலைப்புப் போட்டு எழுதினாங்க. குறைஞ்ச கூலி, தொட்டதுக்கெல்லாம் அபராதம், வெள்ளைப் பாஸ்பரஸால தாடை எலும்பே அழுகிப்போற நோய். ஜூலையில 1,400 பொம்பளைங்களும் சிறுமிகளும் வேலையை விட்டு வெளிய வந்தாங்க. ரெண்டு வாரத்துக்குள்ள கம்பெனி இறங்கி வந்துச்சு. அந்தக் கட்டடத்துல 2022-ல ஒரு நீலப் பலகை வச்சிருக்காங்க, நான் போய்ப் பார்த்தேன். அந்த 1888 முடிவுல பெசண்ட் அம்மா லண்டன் பள்ளி வாரியத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டாங்க. 1893-ல இந்தியாவுக்குக் கப்பலேறினாங்க.

அந்த ஸ்டிரைக் ஆலைக்குள்ள இருந்தவங்களோடது. வீட்டுல பெட்டி ஒட்டினவங்களுக்கு விடிய இன்னும் ரொம்ப நாள் ஆச்சு. 1906 மே மாசம் லண்டன் குயின்ஸ் ஹால்ல ஒரு கண்காட்சி. பொருட்களை இல்லை, வீட்டுல குறைகூலிக்கு வேலை செய்யறவங்களையே கூட்டி வந்து எல்லார் கண் முன்னாலயும் வேலை செய்ய வச்சாங்க. அதுல பெட்டி ஒட்டறவங்களும் இருந்தாங்க. சீமாட்டிகள் தாங்க வாங்கற பெட்டிக்குப் பின்னாடி யார் கை இருக்குன்னு நேர்ல பார்த்தாங்க. 1909-ல சட்டம் வந்து, முதல் தவணையா நாலே நாலு தொழிலுக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்க ஏற்பாடாச்சு. அந்த நாலுல ஒன்னு பெட்டி செய்யற தொழில்.

லண்டன்ல இப்படி ஒரு கதவு மூட ஆரம்பிக்க, எங்க பக்கம் ஒரு கதவு திறந்துச்சு. 1922-ல சிவகாசியிலேர்ந்து அய்ய நாடார், சண்முக நாடார்னு ரெண்டு பேர் கல்கத்தா போய் தீப்பெட்டி செய்யக் கத்துக்கிட்டு வந்து, 1923-ல தொழில் தொடங்கினாங்க. மழையில்லாத கரிசல் பூமி, அவங்களால ஆயிரக்கணக்கான குடும்பத்துல அடுப்பு எரிஞ்சுது. அதை மறுக்க முடியாது, எங்க வீட்டு அடுப்பும் அதுல ஒன்னு. ஆனா அந்த அடுப்புக்கு விறகு பிள்ளைங்களோட விரலா இருந்துச்சு. 1986-ல குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தப்போ தீப்பெட்டித் தொழிலை ஆபத்தான பட்டியல்ல வச்சாங்க. கூடவே ஒரு ஓட்டையும் வச்சாங்க. சொந்தக்காரர் தன் குடும்பத்தோட சேர்ந்து செய்யற இடத்துக்கு அந்தத் தடை பொருந்தாது! 1996 டிசம்பர் 10-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சிவகாசி வழக்குல, ஆபத்தான தொழில்ல வச்சிருக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்டணும்னு தீர்ப்பு சொல்லிச்சு. அதுக்குள்ள அம்மா பெட்டி ஒட்டறதை விட்டுட்டாங்க. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு பிறந்தவன் நான். எங்க தெருவுல என் வயசுக்காரன் யாரும் பெட்டி ஒட்டி நான் பார்த்ததில்லை.

வீட்டுக்குள்ள அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து செஞ்சா அதைச் சட்டம்கூட வேலைன்னு பார்க்கலை பாருங்க. அப்போ விளையாட்டு எது, வேலை எது?

இதுக்குப் பதில் எனக்கு அடையாறுல கிடைச்சுது. பெசண்ட் அம்மா 1933-ல போய்ச் சேர்ந்துட்டாங்க. அவங்க தலைமை தாங்கின தியசாபிகல் சொசைட்டிக்கு அடுத்துத் தலைவரா வந்த ஜார்ஜ் அருண்டேல் (ருக்மிணி தேவியோட கணவர்) அழைச்சதால 1939 கடைசியில மரியா மாண்டிசோரி அடையாறு வந்தாங்க. முந்நூறு பேர் வரைக்கும் ஆசிரியர் பயிற்சிக்கு வந்து உட்கார்ந்தாங்க. நடுவுல போர், இத்தாலிக்காரங்கங்கிறதால கெடுபிடி. 1946 வரைக்கும் இந்தியாவுலதான் இருந்தாங்க. கொடைக்கானல்லயும் கொஞ்ச காலம். சுவாரசியம் என்னன்னா, குழந்தை செய்யறதை அந்தம்மா விளையாட்டுன்னு சொல்லவே இல்லை. 'வேலை'ன்னாங்க. ஆனா குழந்தை தானா எடுக்கணும், வேணும்ங்கிற வரைக்கும் செய்யணும், போதும்னா தானா வச்சிடணும். பெரியவங்க கையைக் கட்டிக்கிட்டுப் பார்க்கணும்.

அதாவது அட்டையும் பசையும் எங்கேயும் ஒன்னுதான். போதும்னு பிள்ளை நிறுத்தலாமா, கூடாதாங்கிறதுதான் வித்தியாசம். பெத்னல் க்ரீன் பிள்ளைக்கு 144-க்கு முன்னாடி நிறுத்த முடியாது. அம்மாவாலயும் முடியலை. 'ஒன்னு, ரெண்டு'ன்னு டீச்சர் சொல்லச் சொல்ல மடிச்ச பிள்ளையாலயும் முடியலை.

இந்தத் தெளிவோட அடுத்த ஞாயித்துக்கிழமை அம்மாவுக்குப் போன் போட்டேன். ரோங்கே, பெசண்ட், மாண்டிசோரி எல்லாரையும் ஒரு மூச்சுல சொல்லி முடிச்சேன். அம்மா பொறுமையா கேட்டுட்டு ஒன்னே ஒன்னுதான் கேட்டாங்க.

"அந்தப் பிள்ள எத்தன ஒட்டுச்சு?"

"ஒன்னுதாம்மா. அதுக்கப்புறம் பசையைக் கையில பூசிக்கிட்டு உரிச்சு விளையாட ஆரம்பிச்சுட்டா."

"அப்பச் சரி"ன்னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, "நாங்களும் அப்படித்தான் உரிப்போம். எங்கம்மா வையும்"னு சொல்லிட்டுச் சிரிச்சாங்க. பெட்டி ஒட்டின காலத்தைப் பத்திப் பேசும்போது அம்மா சிரிச்சு நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

முடிக்கிறதுக்கு முன்னாடி இன்னொரு லண்டன் தீப்பெட்டிக் கதை. 1950-களோட ஆரம்பத்துல லெஸ்னிங்கிற சின்னக் கம்பெனியில ஜாக் ஓடெல்னு ஒரு இன்ஜினியர். அவர் மகளோட பள்ளிக்கூடத்துல தீப்பெட்டிக்குள்ள அடங்கற பொம்மையை மட்டும்தான் கொண்டு வரலாம்னு விதியாம். அப்பா பித்தளையில ஒரு குட்டி ரோடு ரோலர் செஞ்சு தீப்பெட்டிக்குள்ள வச்சுக் கொடுத்தார். கூடப் படிச்ச பிள்ளைங்க எல்லாம் எனக்கும் எனக்கும்னு கேட்க, 1953-ல 'மேட்ச்பாக்ஸ்' கார்கள் பிறந்துச்சு. உலகமெல்லாம் கோடிக்கணக்குல வித்த அந்த பொம்மையோட ஆரம்பம் ஒரு அப்பா தன் பிள்ளைக்குச் செஞ்ச ஒத்தை பொம்மை.

நானும் குட்டியும் இப்போ என்ன பண்றோம்னா, தீப்பெட்டி போன். சின்ன வயசுல நீங்களும் செஞ்சிருப்பீங்க. மறந்தவங்களுக்காக: ரெண்டு காலித் தீப்பெட்டியோட உள்பெட்டி (குச்சியைப் பெரியவங்க எடுத்து பத்திரப்படுத்திடுங்க). அடியில ஊசியால ஒரு ஓட்டை. நாலஞ்சு மீட்டர் நூலைக் கோர்த்து, உள்பக்கம் ஒரு துண்டுக் குச்சியில முடிச்சு. (மருந்து முனையை ஒடிச்சுப் போட்டுடணும்.) நூல் எங்கேயும் இடிக்காம விறைப்பா இருக்கணும். பேசற சத்தம் பெட்டியோட அடியை அதிர வைக்கும், அந்த அதிர்வு நூல் வழியா அடுத்த பெட்டிக்குப் போகும். நூல் தொய்ஞ்சா போன் டெட்.

நேத்து மாடிப்படியில நான் மேலே, அவ கீழே. "மாமா, கேக்குதோ?"ன்னா. கேட்டுச்சு. ரெண்டு நிமிஷம் பேசினா. அப்புறம் பெட்டியைக் கீழே போட்டுட்டு கார்ட்டூன் பார்க்க ஓடிட்டா. நான் கூப்பிடலை.

உங்க வீட்டுல யாராவது பெட்டி ஒட்டியிருக்காங்களா, கட்டை அடுக்கியிருக்காங்களா? கேட்டுட்டு வந்து பின்னூட்டத்துல சொல்லுங்க. சீக்கிரம் கேளுங்க, அந்தத் தலைமுறைக்கு வயசாகிட்டு வருது.

வர்ட்டா?